பேச்சியம்மாளுக்காக மலை ஏறிய ஜமீலா

ஜமீலா இறந்த செய்தி வந்தபோது நான் பீர்மேட்டில் ஒரு தேயிலை ஃபாக்டரியில், திறந்துபோட்ட மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். போன் அடித்தது. கை முழுக்க கிரீஸ். அடித்து ஓயட்டும் என்று விட்டேன். மறுபடியும் அடித்தது. அவருடைய தம்பி ஹனீபா. “வெங்கிடிண்ணே, அக்கா போயிட்டாங்க. காலைல தொழுதுட்டு ஒக்காந்தவங்க எந்திரிக்கலைங்க. சாயங்காலம் அஸர் தொழுகையோட அடக்கம். வந்துருவீங்களா?” என்றான். வருகிறேன் என்றேன். பீர்மேட்டிலிருந்து அஸருக்குள் பாலக்காடு போய்ச் சேர முடியாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அரசு பஸ்ஸில் மலை இறங்கி, வண்டி மாறி மாறி நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஹனீபா ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்தான். முகத்தைப் பார்க்க முடியாமல் போனது இன்றுவரை நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

உங்களில் பலருக்கு ஜமீலா துணிக்கடை ராவுத்தரின் மூத்த மகள். சிலருக்கு, ஸ்கூட்டரில் கையும் காட்டாமல், விளக்கும் போடாமல் சட்டென்று திரும்பி, வசவு வாங்கிக்கொண்டு சிரித்தபடி போகிற பெண்மணி. எனக்கு அவர் தொழில் கூட்டாளி. அந்தத் துணிக்கடையின் மாடி அறையில், புதுத் துணி வாசனைக்கு நடுவில் நாங்கள் ஒரு கம்பெனி நடத்தினோம். மாதச் சம்பளம் வாங்கி வாங்கிச் சலித்துப்போன கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரன் நான். நான் வேலையை விட்டதும் எங்கள் தெருவில், “நன்னா இருந்த உத்தியோகத்தை விட்டுட்டுத் துணிக்கடை மாடியில என்ன பண்றானாக்கும்?” என்று கேட்காதவர்கள் கிடையாது. நாங்கள் செய்தது ஏலக்காய் பிரிக்கிற மெஷின். காய்கள் ஒரு சரிவில் உருண்டு விழும்போது கேமரா படம் எடுக்கும். பச்சை நிறக் காய் நேராகப் போகும். வெளுத்த காயைக் காற்று ஊதிக் கழிவுப் பெட்டிக்குத் தள்ளும். இரும்பு, காற்றுக் குழாய், கேமரா எல்லாம் என் பாடு. உள்ளே ஓடுகிற புரோகிராம் முழுக்க ஜமீலாவின் பாடு.

புரோகிராம் என்றால் திரையில் பொத்தானும் படமும் காட்டுகிற மேல்பூச்சு வேலை இல்லை. அதற்கெல்லாம் அடியில், தரையோடு தரையாக நடக்கிற வேலை. அங்கே மெமரியில் ஒரு சாண் இடம் வேண்டுமென்றாலும் நாமே கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் அடைத்துக்கொண்டு மெஷின் நின்றுவிடும். ஜமீலா எப்போதும் திருப்பிக் கொடுக்கிற வரியை முதலில் எழுதிவிட்டு, அதற்கு மேலே வாங்குகிற வரியை எழுதுவார். “வாங்கினதுக்கப்பறம் யாருக்கும் ஞாபகம் இருக்காதுங்க வெங்கிடி” என்பார். ஒருமுறை தேர்ச் சமயத்தில் கல்பாத்திக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது. என் மனைவி குடையை எடுத்து நீட்டினாள். ஜமீலா அதை விரிப்பதற்கு முன்பே, “திருப்பிக் கொண்டாந்தா எந்த ஆணியில மாட்டணுமுங்க?” என்று கேட்டார். என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிப்பாள். இப்போது சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடிக்கிறாள்.

சிக்கனம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. அவர்கள் கடையில் வீண் துண்டு என்று ஒன்று கிடையாது. கை அகலத் துணி மிஞ்சினாலும் ரவிக்கைக் கைக்கு ஆகும் என்று மடித்து வைத்துவிடுவார்கள். மெமரியிலும் ஜமீலா அப்படித்தான். ஒன்றை வைத்தால் அது முடிகிற இடத்திலேயே அடுத்தது தொடங்க வேண்டும், நடுவில் இடைவெளி ஆகாது. “சும்மா கெடக்கற எடத்தெப் பாத்தா எனக்குச் சோறு எறங்காதுங்க” என்பார். நாங்கள் வாங்கியிருந்த மலிவான சின்ன சர்க்யூட் போர்டில் எங்கள் புரோகிராம் அடங்கியதே இந்தக் கஞ்சத்தனத்தால்தான். எங்களைக் கிட்டத்தட்ட நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து விட்டதும் அதே கஞ்சத்தனம்தான்.

முதல் மெஷின் குமுளிப் பக்கத்து ஏலக்காய் மலையில் இருக்கும் ஆனைக்கரைக்குப் போனது. அங்கே ஏலக்காய் விவசாயிகள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு ஸ்டோர் வைத்திருந்தார்கள். ஸ்டோர் என்றால் கடை இல்லை, காயை உலர்த்திப் பிரிக்கிற கட்டிடம். அந்த வருஷக் காய்ப்பு முழுக்க ஓட்டிப் பார்ப்பார்கள், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் நாங்கள் திருப்பி ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று பேச்சு. காலையில் மெஷினை ஓட்ட பேச்சியம்மாள் என்ற பெண்ணை வைத்திருந்தார்கள். அதே ஸ்டோரில் பல வருஷம் கையால் காய் பொறுக்கியவர். மத்தியானத்துக்கு மேல் ஒரு ஆண் வந்து ஓட்டுவார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள் ஸ்டோர் செயலாளர் தங்கராசு போன் செய்தார். “சார், உங்க மெசினு நல்ல மெசினுதான். ஓட்டுற பொம்பளதான் சரியில்ல. அது ஓட்டுறப்பெல்லாம் கழிவுக்குள்ள முதல்தரக் காயி கெடக்கு. மத்தியானம் ஒரு காய் தப்புறது இல்ல. கழிவு எடுக்குற யாவாரியோட கூட்டு வச்சிருக்கானு நெனக்கிறோம். நாளான்னைக்கிக் கமிட்டி கூட்டி அனுப்பிருவோம். ஒங்களுக்கும் தெரியட்டும்னு சொன்னேன்.”

எனக்கு, உண்மையைச் சொன்னால், மூச்சு வந்தது. மெஷின் நல்ல மெஷின் என்று வாங்குகிறவரே சொல்கிறார், வேறென்ன வேண்டும்? ஜமீலா போனை என் கையிலிருந்து பிடுங்கினார். “ஏனுங்க, நாங்க வர்ற வரைக்கும் அவங்களெ யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்க. நாளைக்கே கெளம்பறோமுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு கீழே கடைக்குப் போய், மூட்டை தைக்கிற ஊசியும் ஒரு கட்டு மிச்சத் துணியும் எடுத்து வந்தார். எதற்கு என்று கேட்டேன், அவற்றைப் பைக்குள் திணித்துக்கொண்டார். கோபமாக இருந்தால் அவர் பேச மாட்டார்.

விடியக் கிளம்பி, பொள்ளாச்சி, தேனி என்று சுற்றி, கடைசியில் கம்பம் மெட்டில் ஜீப் பிடித்தோம். வழியில் நான் கேட்டேன், “ஜமீலா, அந்த அம்மா நிஜமாவே எடுத்திருந்தா என்ன பண்றதாக்கும்?” அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு வளைவு முழுக்க யோசித்துவிட்டு, “தெரியாதுங்க. பாத்தாத்தான் தெரியும்” என்றார். அதுதான் ஜமீலா. வானம் நீலம் என்று சொன்னாலும் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்பார்.

ஸ்டோரில் எல்லாரும் எங்களைக் கழிவுப் பெட்டிப் பக்கம் இழுத்தார்கள். உள்ளே கையை விட்டு அள்ளினால், நிஜமாகவே, விரலுக்கு விரல் நல்ல பச்சைக் காய். ஜமீலா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக நல்ல காய் மூட்டைக்குப் போனார். ஊசியால் தையலைப் பிரித்து, கொண்டுபோயிருந்த துணியைத் தரையில் விரித்து, அதில் கொட்டிக் கிளறினார். பச்சைக்கு நடுவில் அங்கங்கே வெளுத்த காய் இருந்தது. கழிவில் நல்லதைத் தேடியவர்கள் யாரும் நல்லதில் கழிவைத் தேடியிருக்கவில்லை. ஜமீலா நிமிர்ந்து தங்கராசுவைப் பார்த்தார். “திருடறவங்க நல்ல காயெ எடுப்பாங்க, சரி. வெளுத்த காயெப் பொறுக்கி நல்ல மூட்டையில போடறதுக்கு அவங்களுக்கு என்னங்க வேண்டுதலா?” தங்கராசு குனிந்து ஒரு வெளுத்த காயை எடுத்துப் பார்த்தார். பேச்சியம்மாள் தூரத்தில் தூணோரமாக நின்றிருந்தார். யாரும் அவருக்கு உட்காரப் பலகை போடவில்லை.

பிறகு ஜமீலா அவரை அழைத்து, “நீங்க தெனமும் காலைல வந்து என்னென்ன பண்ணுவீங்களோ, அதெ அப்படியே பண்ணுங்கம்மா. எதையும் விட்டுறாதீங்க” என்றார். பேச்சியம்மாள் முந்தானையால் திரையைத் துடைத்தார். பொத்தானை அழுத்தினார். யாருடைய காய் என்று மெஷின் கேட்கும். அதற்கு அவர் ஒரு விரலால் தேடித் தேடித் தமிழில் அடிக்கத் தொடங்கினார். ஏலக்காட்டு முதலாளியின் ஊர்ப் பேர், அவர் அப்பா பேர், அவர் பேர், கடைசியில் ‘ஐயா அவர்கள்’ என்று சேர்த்து முடித்தபோது நான் கொட்டாவியே விட்டுவிட்டேன். “எதுக்கும்மா இவ்வளவு நீளம்?” என்று கேட்டேன். “மொதலாளி பேர மொட்டையா போட்டா மரியாதையா சார்? அவுக வந்து பாப்பாகல்ல” என்றார். மத்தியானக்காரர் எப்படி அடிப்பார் என்று ஜமீலா கேட்டார். அவர் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாராம். பாலக்காட்டு மாடியில் நாங்கள் இருவரும் சோதிக்கும்போது ஒரே ஒரு எழுத்துதான் அடிப்போம். ஜமீலா என்னைப் பார்த்தார். “வெங்கிடி, இந்தத் தப்பு என்னோடதுங்க” என்றார்.

அதன் பிறகு அவர் செய்த சோதனை எளிமையானது. நீளப் பெயரை அடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காயாகக் கையால் சரிவில் விட்டார். நடுவில் விட்டால் சரியாகப் பிரித்தது. வலது ஓரத்திலும் சரி. இடது ஓரத்தில் விட்டால் மட்டும், பச்சைக் காயைக்கூட மெஷின் கழிவுக்கு ஊதியது. பெயரை இரண்டெழுத்தாக்கியதும் இடது ஓரமும் சரியாயிற்று. சில நீளப் பெயருக்கும் சரியாக வந்தது, அதனால்தான் பேச்சியம்மாளின் எல்லாக் காலையும் கெடவில்லை. கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்று, இது என்ன பேய் வேலை என்று பார்த்தார்கள்.

ஜமீலா அவர்களுக்கு விளக்கிச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எத்தனையோ இன்ஜினியர்கள் பலகையில் கோடு போட்டும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. “குமுளி ஜீப்பு ஒரு ஆளுக்காக எடுப்பானுங்களா? நெறைஞ்சாத்தானே எடுப்பான். உள்ளே இருக்கற சிப்பும் அப்படித்தானுங்க. மெமரியிலிருந்து ஒரு எழுத்து வேணும்னாலும் அறுபத்துநாலு எழுத்தா ஏத்திக்கிட்டுத்தான் வரும். இவங்க அடிச்ச பேரு நீளமா இருந்துதுங்களா, பேரோட வாலும் காயோட படத்தோட தலையும், அதாவது எடது ஓரமும், ஒரே ஜீப்புல ஏறிப்போச்சு. சின்னப் பேருன்னா தற்செயலா முந்தின ஜீப்புலயே அடங்கிருச்சு, படம் புது ஜீப்புல தொடங்கிருச்சு. கேமரா புதுப் படம் எடுத்து அங்க வச்சுருது. பழசெ எறக்கிட்டுப் புதுசெ ஏத்திட்டு வான்னு நான் சொல்றேன். ஜீப்புக்குள்ள பேரும் ஒக்காந்திருக்கறதால அந்த ஒரு ஜீப்பெ மட்டும் திருப்பி அனுப்பாம விட்டுருது. அதனால எடது ஓரத்துல எப்பவோ போன காயோட படத்தையே வச்சுக்கிட்டு, வர்ற காய்க்கெல்லாம் தீர்ப்புச் சொல்லுதுங்க. படம் எப்பவும் புது ஜீப்புலதான் தொடங்கணும். கடைசி ஜீப்புல எடம் மிச்சமிருந்தா காலியாத்தான் ஓடணும். நான் எடம் வீணாகுதுன்னு ஒட்டி ஒட்டி வச்சேன். தப்பு அதானுங்க.”

“அப்ப தப்பு உங்க மெசினோடதா?” என்றார் தங்கராசு. ஆமாம் என்று சொன்னால் மெஷின் லாரியில் ஏறும், கம்பெனியும் அதோடு ஏறும். “மெஷின் என்ன பண்ணும்? நான் எழுதினதுதானுங்க தப்பு” என்றார் ஜமீலா. மடிக்கணினியை அங்கேயே ஒரு சாக்கின் மேல் வைத்துத் திருத்தினார். படத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக இடம் கேட்டு, அதற்குள் அறுபத்துநாலால் வகுபடுகிற முதல் முகவரிவரை முன்னால் நகர்ந்து, படத்தை அங்கே தொடங்கினார். முடிகிற இடத்தையும் அதேபோல அறுபத்துநாலுக்கு நிரவினார். முதலில் கிடைத்த முகவரியைத் தனியே பத்திரப்படுத்தினார், இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்பதால். வழக்கம்போல, திருப்பிக் கொடுக்கிற வரியைத்தான் முதலில் எழுதினார்.

ஆனால் திருத்தியதை மெஷினில் ஏற்றவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தார். “இந்தம்மாவெப் பத்தி யார் யார் முன்னால பேசினீங்களோ, அவங்க எல்லாரையும் கூப்பிடுங்க. அவங்க எடுக்கலைன்னு நீங்களே சொல்லணும். அப்பறம் ஏத்தறேன்” என்றார். தங்கராசுவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் ஜமீலாவின் காதோரம், “ஜமீலா, மொதல்ல மெஷினை ஓட விடுவோமே, பாக்கியை அப்பறம் பேசிக்கலாமே” என்றேன். “மெஷின் நிக்கட்டுமுங்க. அவங்க தூணோரமா நிக்கறது அதெவிட மோசம்” என்றார், காதோரமாக அல்ல, எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு தங்கராசு, கெட்ட மனிதர் இல்லை, வெளியே போய் உலர்த்துகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பொறுக்குகிற பெண்கள் எல்லாரையும் கூட்டி வந்தார். தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை சொன்னார். ஜமீலா திருத்தியதை ஏற்றினார். பேச்சியம்மாள் வந்து மறுபடி அந்த முழ நீளப் பெயரை முழுதாக அடித்து மெஷினை ஓட்டினார். காய்ப்பு முடிந்தபோது அவர்கள் மெஷினை வைத்துக்கொண்டார்கள். தப்பை ஒத்துக்கொண்டவர்களிடம் வாங்கினால் பயமில்லை என்று தங்கராசு பிற ஸ்டோர்காரர்களிடம் சொன்னதாகக் கேள்வி. அதன் பிறகுதான் எங்கள் கம்பெனி காலூன்றியது.

ஜமீலாவிடம் குறை இல்லையா என்றால், நிறைய உண்டு. கடன்காரனிடம் பேசுவதுபோலத்தான் வாடிக்கையாளரிடம் பேசுவார். நேந்திரங்காய் வறுவல் கையோடு கீபோர்டைத் தொடுவார், எண்ணெய்க் கறைக்கு நான் கத்துவேன். டாக்டரைப் பார்க்கச் சொன்னால், “பாக்கலாமுங்க, என்ன அவசரம்” என்பார். ஊரான் காய்க்கெல்லாம் மலை ஏறிச் சோதனை பார்த்தவர், தன் நெஞ்சு வலியை மட்டும் சோதிக்காமலே விட்டுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து நான் ஆனைக்கரைக்குப் போனேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. பேச்சியம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து, காய்ச்சாக்கின் மேல் உட்கார்ந்து, நான் சொன்னதைக் கேட்டார். பிறகு சொன்னார். “அந்தத் திருட்டுப் பேச்சு கெளம்புனப்ப எங்க வீட்டுக்காரரே என்னய நம்பல சார். எடுத்திருந்தா சொல்லிரு, கால்ல விழுந்துருவோம்னாரு. எம் மக மூஞ்சி குடுத்துப் பேசல. நீங்க வாரதுக்கு மொதநாளு சாயங்காலம் அந்தம்மா போன் போட்டாக. செயலாளருட்ட நம்பர் வாங்கிப் போட்டாகளாம். யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. ‘சாப்பிட்டீங்களாம்மா’ன்னு கேட்டாக. இல்லன்னேன். ‘சாப்பிடுங்க. நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். நாளைக்கி வர்றேன்’னாக. அன்னைக்கி ராத்திரிதான் நான் சோறு தின்னேன்.”

எனக்கு இந்தப் போனைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜமீலா ஒருநாளும் சொன்னதில்லை. மறுநாள் ஜீப்பில் என்னிடம் “தெரியாதுங்க” என்று சொன்னவர் அவர். மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால், ஒரு காயைக்கூடச் சரிவில் விட்டுப் பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்ப்பதற்கு முன்னால், அவரிடம் மட்டும் “எனக்குத் தெரியும்” என்று சொல்லியிருக்கிறார். நான் அறிந்தவரை சோதித்துப் பார்க்காமல் ஜமீலா சொன்ன ஒரே வாக்கியம் இதுதான். அவருடைய புரோகிராம்கள் கம்பெனிக்கு இருக்கின்றன, ஊசியும் துணியும் ஹனீபாவின் கடைக்குப் போய்விட்டன. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, என் காதால் நான் கேட்காத அந்த ஒரு வாக்கியத்தை.